காமிக்ஸ் தொகுப்புகளை மகளின் படிப்புக்கான முதலீடாகக் கருதலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. அதில் ஏறத்தாழ 6,000 ரூபாய்க்கு அமெரிக்காவின் மார்வெல், டிசி நிறுவனங்களின் ஆம்னிபஸ் தொகுப்புகளையும் (பல இதழ்களை ஒரே தடித்த நூலாகக் கட்டியவை), தமிழில் வரும் லயன்-முத்து காமிக்ஸின் சிறப்பு வெளியீடுகளையும் வாங்குகிறேன். இதுவரை நான்கு லட்சம் ரூபாய் செலவாகியிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் 4,500 ரூபாய்க்கு வாங்கிய ஒரு தொகுப்பு, பதிப்பு தீர்ந்துவிட்டதால் இணையத்தில் இப்போது 9,000 ரூபாய்க்கு விலை சொல்லப்படுகிறது. ஆகவே இது முதலீடுதான் என்றும், நான்கு வயது மகளின் கல்லூரிப் படிப்புக்குக் கைகொடுக்கும் என்றும் நான் சொல்கிறேன்; மனைவி ஏற்கவில்லை. கிரெடிட் கார்டில் 48,000 ரூபாய் பாக்கியும் இருக்கிறது. என் கணக்கு சரியா?

பதில்: உங்கள் மனைவியின் கணக்கே சரி. நல்ல தாளில், கெட்டி அட்டையில், ஒரு நாயகனின் கதைகள் வரிசை மாறாமல் ஒன்றாகக் கிடைப்பதன் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், தொகுப்பு என்பதே கிடைக்காமற்போன கதையை மீண்டும் கிடைக்கச் செய்வதற்காக அச்சிடப்படும் பொருள். விலை ஏறுவதற்குத் தேவையான அரிய தன்மையை ஒழிப்பதற்கென்றே பிறந்த ஒன்று, காலப்போக்கில் அரிதாகிவிடும் என்று பணத்தைப் போட்டுக் காத்திருப்பது பொருத்தமற்றது.

காமிக்ஸில் பெரும்பணம் ஈட்டிய கதைகள் உண்மைதான். 1938இல் 10 சென்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதலில் தோன்றிய இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அது மூல இதழ். அதை வாங்கிய சிறுவர்கள் படித்துக் கிழித்துப் போட்டதால்தான் எஞ்சிய சில பிரதிகளுக்கு அந்த விலை. விலை ஏறும் என்று எல்லோரும் பத்திரப்படுத்தினால் என்ன நிகழும் என்பதற்கு, 1991இல் வெளிவந்த எக்ஸ்-மென் முதல் இதழே சான்று. ஒரே இதழ் ஐந்து விதமான அட்டைகளில் வந்து, 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. இன்று அதைச் சில டாலருக்கே வாங்கிவிடலாம்.

தொகுப்புகளின் நிலை இன்னும் தெளிவானது. ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸ் இருவரும் படைத்த ‘வாட்ச்மென்’ 1986-87இல் 12 இதழ்களாக வந்து, 1987இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டது. புத்தகம் அச்சில் இல்லாமற்போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்பது ஒப்பந்தம். அந்தப் புத்தகம் இன்றுவரை அச்சில் இல்லாமற்போகவே இல்லை. பதிப்பகத்தின் நலன் மறுபதிப்பில் இருக்கும்போது, அது வராது என்று பந்தயம் கட்டும் வாசகர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். தமிழிலும் இதே நடந்தது. லயன் காமிக்ஸின் ‘இரத்தப் படலம்’ தொடர் 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே தடித்த புத்தகமாக வந்து தீர்ந்தபின், அதைப் பல மடங்கு விலை கொடுத்துத் தேடியவர்கள் இருந்தார்கள்; 2018இல் அதே தொடர் வண்ணத் தொகுப்பாக வந்தபோது, படிக்க விரும்பியவருக்குப் பழைய பிரதியைத் துரத்தும் அவசியம் இல்லாமற்போனது. நினைவுக்காகத் தேடுவோர் இன்னமும் இருக்கலாம். அவர்களை நம்பி ஒரு குழந்தையின் கல்லூரிக் கட்டணத்தைத் திட்டமிட முடியாது.

இனி உங்கள் 9,000 ரூபாய்க்கு வருவோம். அது ஒருவர் கேட்கும் விலை. கைமாறிய விலை அன்று. பேரத்தில் 7,500 ரூபாய்க்கு முடிந்து, பொட்டலம் கட்டுதல், கூரியர், விற்பனைத் தளத்தின் கழிவு ஆகியவற்றுக்கு 1,000 ரூபாய் போனால் உங்களுக்கு 6,500 ரூபாய் மிஞ்சும். நான்கு ஆண்டுகளில் அது ஆண்டுக்கு ஒன்பதரை விழுக்காட்டு வளர்ச்சி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது உங்கள் அலமாரியிலேயே நன்றாக ஓடிய குதிரை. அதே விலையில் வாங்கிய 20 தொகுப்புகளில் ஒன்று இப்படி ஏறி, மற்ற 19உம் வாங்கிய விலையில் அறுபது விழுக்காட்டுக்குப் போவதாக வைத்துக்கொண்டால், 90,000 ரூபாய் போட்ட இடத்தில் 57,800 ரூபாய்தான் திரும்பும். இதற்கிடையே மழைக்கால ஈரம், ராமபாணப் பூச்சி, ஆயிரம் பக்க எடையில் தளர்ந்துபோகும் முதுகுக்கட்டு என ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். பிரித்துப் படித்த புத்தகத்துக்கும் விலை குறைவு. இது முதலீடாக வேண்டுமென்றால் நீங்கள் அதைப் படிக்கவே கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது புத்தகங்கள் அல்ல, கடைசியில் போகிறபோக்கில் சொன்ன 48,000 ரூபாய். மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்றால் 1,680 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என, மாதம் ஏறத்தாழ 2,000 ரூபாய் உங்களை அறியாமலேயே போய்க்கொண்டிருக்கிறது. விலை ஏறிய அந்தத் தொகுப்பை இந்த மாதமே விற்று வரும் பணத்தைக் கார்டில் கட்டுங்கள். சொல்லப்படும் விலைக்கு உண்மையில் ஆள் வருகிறாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும். காமிக்ஸுக்கான 6,000 ரூபாயையும் முழுமையாக அதே பாக்கிக்குத் திருப்பி, கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால், பத்து மாதங்களுக்குள் கடன் தீரும்.

அதன்பிறகு 4,000 ரூபாயை மகளின் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் மாதந்தோறும் செலுத்துங்கள். அஞ்சலகத்திலோ வங்கியிலோ, பத்து வயது நிறைவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும். 15 ஆண்டுகள் பணம் கட்டலாம். 18 வயதானதும் உயர்கல்விக்காகப் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு அதை மாற்றியமைக்கலாம். எஞ்சும் 2,000 ரூபாய் உங்கள் காமிக்ஸ் கணக்கு. பெரிய தொகுப்பு வேண்டுமானால் மூன்று மாதம் சேர்த்து வாங்குங்கள்; காமிக்ஸுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதையும் இந்தத் தொகைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும்போது, அட்டை விலையோடு சுங்கவரி, கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம், அனுப்பும் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத வரி விவரம் ஒன்று. சொந்தப் பயன்பாட்டுக்கான அசையும் பொருட்களை வருமானவரிச் சட்டம் மூலதனச் சொத்தாகக் கொள்வதில்லை. நகை, ஓவியம் போன்றவையே விதிவிலக்கு. ஆகவே படித்த புத்தகங்களை எப்போதாவது விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி எழாது. நட்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. விற்பதற்கென்றே தொடர்ந்து வாங்கினால் அது வியாபார வருமானமாகிவிடும்.

நான்கு லட்சம் ரூபாய் பொருள் என்பதால், வீட்டுக் காப்பீட்டில் உள்ளிருக்கும் பொருட்களும் அடங்குகின்றனவா என்று பாருங்கள். தலைப்பு, பதிப்பு ஆண்டு, வாங்கிய விலை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ரசீதுகளோடு மனைவியிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், எந்தப் புத்தகத்தை யாரிடம் விற்கலாம் என்று தெரியாத குடும்பம் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடும்.