பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயை விற்கலாமா?

கேள்வி: எங்கள் சிறு நூற்பாலையில் 1970களில் வாங்கிய டிரான்ஸ்பார்மர் ஒன்று சும்மா கிடக்கிறது. பழைய இரும்பு வியாபாரி எண்ணெயோடு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அதில் 'பிசிபி' என்ற நச்சு இருக்கலாம் என்கிறான் மகன். உலகமே எப்போதோ நிறுத்திய பொருள்தானே?

பதில்: நிறுத்தியது தயாரிப்பைத்தான். பிசிபி என்பது டிரான்ஸ்பார்மருக்குள் ஊற்றிய, குளோரின் சேர்ந்த செயற்கை எண்ணெய். 1930 முதல் 1993 வரை உலகில் சுமார் 13 லட்சம் டன் பிசிபி தயாரானது. 1970 வாக்கில் உச்சம். 1979ல் அமெரிக்கா தடை போட்டது. இன்றும் அது காற்றில் கலக்கிறதென்றால், பெரும்பாலும் அன்று விற்ற டிரான்ஸ்பார்மர், கெபாசிட்டர், கட்டடப் பூச்சுகளிலிருந்துதான். உங்கள் ஷெட்டில் கிடப்பதும் அந்தக் கணக்கில் வரலாம்.

நேம் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள். அஸ்கரெல், அரோக்ளோர், பைரனால் என்றிருந்தால் அது பிசிபிதான். மினரல் ஆயில் என்றிருந்தாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிலர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, "மிதக்குது பாருங்க, நல்ல ஆயில்" என்பார்கள். நம்பாதீர்கள். சுத்தமான பிசிபி தண்ணீரில் மூழ்கும், சரி. ஆனால் மினரல் ஆயிலில் கொஞ்சம் கலந்திருந்தால் மிதக்கத்தான் செய்யும். கிலோவுக்கு 50 மில்லிகிராம் தாண்டினாலே ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப்படி (எளிதில் அழியாத நச்சுப் பொருள்களுக்கான சர்வதேச ஒப்பந்தம்) சிக்கல். அதைப் போல பத்து மடங்கு இருந்தாலும் மிதக்கும். எப்படிக் கலக்கும்? பிசிபி டிரான்ஸ்பார்மரில் ஓடிய அதே ஃபில்டர் மெஷின், அதே ஹோஸ், அடுத்த மில்லுக்கும் போனால் போதும். எவ்வளவு ஃபில்டர் செய்தாலும் பிசிபி போகாது.

வாங்கியவர் எண்ணெயை யாருக்கு விற்பார் என்பது உங்களுக்குத் தெரியாது. 1999ல் பெல்ஜியத்தில் பிசிபி இருந்த பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் கழிவுக் கொழுப்பில் கலந்து கோழித் தீவனத்துக்கே போய்விட்டது. காயிலைக் கொளுத்தித் தாமிரம் எடுத்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சுப் புகை வேறு.

இந்தியாவில் 2016லேயே பிசிபியைத் தடுக்கும் ஆணை வந்தது. பயன்பாட்டுக்கு 2025 டிசம்பர் 31 கடைசிக் கெடு. அரசிதழில் போட்டால் வேலை முடிந்ததா? சிறு மில்களுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா?

நீங்கள் மூடியைத் திறக்க வேண்டாம். பெங்களூருவிலுள்ள மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் எண்ணெயைச் சோதிக்கலாம். மாதிரி எடுக்க விவரம் தெரிந்தவரை வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அத்தாட்சி வாங்குங்கள். எண்ணெயை வடித்துவிட்டு வெறும் டாங்கை விற்கும் யோசனையும் வேண்டாம். காயிலைச் சுற்றிய காகிதமும் உள்ளேயிருக்கும் மரமும் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும்.