அப்பாவை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை?

கேள்வி: போன மாதம் அப்பா வீட்டு ஹாலில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்திவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்" என்று அம்மா புலம்புகிறார். அப்புறம் போலீஸ் வேறு வந்தது. எங்களையா சந்தேகப்பட்டார்கள்?
வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: தங்கச்சி, நான் லண்டனில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தவள். அம்மாவின் கேள்விக்கே முதலில் வருகிறேன். இதயம் நின்றவருக்கு ஆஸ்பத்திரியில் முதலில் செய்வதில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துவிடுகிறோம். ஷாக் கருவி, மூச்சுக்காக வாயில் வைக்கும் குழாய், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை போடும் அட்ரினலின் என்ற இதயத்தைத் தூண்டும் மருந்து, எல்லாம் எங்கள் பையில் உண்டு. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், விடாது அழுத்த வேண்டும். படியிறக்கி, ஓடுகிற வண்டியில் வைத்தால் அந்த அழுத்தம் தடுமாறிவிடும். முழுச் சிகிச்சை கொடுத்தும் 20 நிமிடம் இதயத்தில் மின்துடிப்பே இல்லையென்றால் நிறுத்தலாம் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். கர்ப்பிணிகள், குளிரில் விறைத்தவர்கள் போன்றோருக்கு விதிவிலக்கு உண்டு.

வீட்டில் எதிர்பாராமல் ஒருவர் இறந்தால் போலீஸ் வருவதும், மரணத்தின் காரணத்தை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குத் தகவல் போவதும் இங்கே வழக்கம்தான். உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. வாயில் வைத்த குழாயை எடுக்காமல் விடுவதும் கொரோனருக்காகத்தான்.

ஆனால் நிறுத்தியதோடு எங்கள் வேலை முடிவதில்லை. அந்த நிமிடத்திலிருந்து நாங்கள் பார்க்க வேண்டியது உங்கள் அம்மாவை. நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். ஒருவராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்தோம், ஏன் நிறுத்தினோம் என்று விளக்கவேண்டும். அப்பாவுக்குப் போர்வை போர்த்தி, கையைப் பிடித்துக்கொள்ள வழிவிட வேண்டும். திருநீறு பூசலாமா என்று போலீஸிடம் கேட்டுச் சொல்வதும் எங்கள் பொறுப்புதான். வயர்களையும் கிழித்த உறைகளையும் சுருட்டிக்கொண்டு சட்டென்று கிளம்புவதை என்னால் ஏற்கவே முடியாது.

சிகிச்சை நடக்கும்போதே உறவினரை வெளியே அனுப்புவதும் சரியல்ல. 570 உறவினர்களை வைத்து பிரான்சில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. பார்க்க விரும்பினால் அருகில் இருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களிடம், மூன்று மாதம் கழித்து அதிர்ச்சியின் பாதிப்பு குறைவாக இருந்தது.

அன்று யாரும் விளக்கவில்லையா? ஆம்புலன்ஸ் சேவைக்கு எழுதி, பேச நேரம் கேளுங்கள். அப்பாவின் சட்டப்படியான பிரதிநிதி, அதாவது அவர் உயிலையோ சொத்தையோ நிர்வகிப்பவர், சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டுப் பெற 1990ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவர் கேள்வியை அவரே கேட்கட்டும்.