செம்மறிக் கறியின் சுவை: வளர்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மேய்ந்த மேச்சேரி இனச் செம்மறி ஆட்டின் கறி, பரணில் (உயர்த்திக் கட்டிய தளத்தில்) அடைத்து வளர்த்த ஆட்டின் கறியைவிட மணமாக இருக்கும் என்கிறார்களே, இது வெறும் நம்பிக்கையா?

பதில்: இல்லை, அதற்குக் காரணம் உண்டு. செம்மறிக் கறிக்கே உரிய மணம் தசையைவிடக் கொழுப்பில்தான் தங்குகிறது; அந்தக் கொழுப்பின் தன்மையோ ஆடு தின்ற தீவனத்தைப் பொறுத்தது. கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்தும் வெள்வேல் காய்களைப் பொறுக்கித் தின்றும் வளரும் ஆட்டின் கொழுப்பில் லினோலெனிக் என்னும் கொழுப்பு அமிலம் கூடுதலாக இருக்கும். பசும்புல்லின் வழியே சேரும் வைட்டமின் ஈ, அறுத்த கறியில் காறல் வாடை சீக்கிரம் ஏறாமல் காக்கும். மக்காச்சோளமும் பிண்ணாக்கும் தின்று கொழுத்த ஆட்டில் லினோலிக் என்னும் வேறொரு கொழுப்பு அமிலம் மிகுவதால், கறியின் மணம் மென்மையாகவும் சற்று வேறாகவும் அமையும். பகலில் மேய்ச்சல், மாலையில் அளவான அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்குக் கலவை) என்ற முறையையே நான் பரிந்துரைப்பேன். எடையும் கிடைக்கும், மணமும் கெடாது.

கேள்வி: குதிரைமசால் என்னும் பயறுவகைப் பசுந்தீவனம் மட்டுமே கொடுத்து வளர்த்தேன். கறி வேகும்போது ஒரு மாதிரி வாடை வருவதாக வாங்கியவர்கள் குறை சொன்னார்கள்.

பதில்: குதிரைமசாலின் புரதம் ஆட்டின் முதல் வயிற்றில் வேகமாகச் சிதைகிறது, அப்போது டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஸ்கேடோல் என்னும் வாடைப் பொருள், இரத்தத்தின் வழியே கொழுப்பில் போய்ப் படிகிறது. நீங்கள் சொல்லும் வாடைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். குதிரைமசாலைத் தனியாகப் போடாமல் சோளத்தட்டுடன் கலந்து கொடுங்கள். வேலங்காய் கிடைத்தால் சிறிதளவு சேருங்கள். அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிணைத்து, சிதைவைத் தாமதப்படுத்தும். அளவு மிஞ்சினால் செரிமானம் குறையும்.

கேள்வி: கிடாக் கறியின் மொச்சை வாடையைக் குறைக்கக் காயடிப்பது கட்டாயமா?

பதில்: 6 மாதத்துக்குள் விற்கும் குட்டிகளுக்குத் தேவையில்லை. பருவமடைந்த கிடாவில்தான் 4-மெத்தில் ஆக்டனாயிக் போன்ற கிளைத்த கொழுப்பு அமிலங்கள் மிகுந்து அந்த வாடையைத் தருகின்றன. தானியத்தை மட்டுமீறிக் கொடுத்தால் அவை மேலும் கூடும். ஓராண்டு வரை வைத்து விற்பவர்கள் காயடிப்பதே நல்லது.

கேள்வி: தீவனக் கலவையில் மீன்தூள் சேர்க்கலாமா?

பதில்: கறிக்கு வளர்க்கும் ஆட்டுக்கு, அதுவும் விற்பனை நெருங்கும் வாரங்களில், வேண்டாம். கொழுப்பில் மீன் வாடை ஏறும்.

கேள்வி: இளங்குட்டிதான், நல்ல தீவனம்தான், ஆனாலும் கறி கருத்து, சவசவவென்று சுவையில்லாமல் இருந்தது. ஏன்?

பதில்: தீவனத்தில் குறையில்லை என்றால், கடைசி இரண்டு நாட்களில் அந்தக் குட்டி என்ன பாடுபட்டது என்று விசாரியுங்கள். தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து, அறுத்த பின் லாக்டிக் அமிலமாக மாறிக் கறியின் அமிலநிலை எண்ணை (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 7-இலிருந்து ஏறக்குறைய 5.6-க்கு இறக்க வேண்டும். சந்தையில் பட்டினியாக நின்று, வண்டியில் நெருக்கி ஏற்றப்பட்டு, நாய்க்கும் கூச்சலுக்கும் மிரண்ட ஆட்டில் அந்தச் சேமிப்பு உயிரோடிருக்கும்போதே தீர்ந்துவிடுகிறது. அதனால் அந்த எண் 6-க்கு மேலேயே நின்று, கறி கருத்துப்போய், சீக்கிரம் கெட்டும் போகிறது. ஓர் இரவு ஓய்வு இதைச் சரிசெய்யாது. சந்தையில் வாங்கிய ஆட்டை, பழகிய துணையோடு நிழலில் கட்டி, இரண்டு மூன்று நாள் நல்ல தீவனமும் தாராளமாகத் தண்ணீரும் கொடுத்த பிறகே அறுக்க வேண்டும். ஏற்றி இறக்கும்போது தோலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிடித்த இடத்தில் இரத்தம் கட்டி, அந்தப் பகுதிக் கறியை வெட்டி எறிய நேரிடும்.