எட்டடி மீன் தொட்டிக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: முதல் மாடியில் உள்ள எங்கள் ஹாலில் 8 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் மீன் தொட்டி வைக்க ஆசை. 12 மிமீ டஃபன்டு (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடி போதும் என்கிறார் கடைக்காரர். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்தான் பாதுகாப்பு என்கிறார் நண்பர். மூன்று பக்கம் செங்கல் எழுப்பி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்தால் செலவு குறையும் என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தரை தாங்குமா என்று மூவருமே கேட்கவில்லை பாருங்கள். இந்த அளவுக்குத் தண்ணீர் மட்டும் சுமார் 1,400 லிட்டர், அதாவது 1.4 டன். கண்ணாடி, ஸ்டாண்டு, மணல் எல்லாம் சேர்ந்தால் 2 டன்னை நெருங்கும். வீட்டு அறைகளில் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வைத்துத்தான் தளம் வடிவமைப்பார்கள். உங்கள் தொட்டி நிற்கும் இடத்தில் அது ஆயிரத்தைத் தொடும். பீம் எங்கே போகிறது என்று கட்டட இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

செங்கல் யோசனை மாடிக்கு ஆகவே ஆகாது. தரைத்தளமாக இருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும். உள்ளே எபாக்ஸி (நீர் புகாத பிசின்) பூச்சு கட்டாயம்.

அக்ரிலிக், கண்ணாடியின் எடையில் பாதிகூட இருக்காது, லேசில் உடையாது. ஆனால் பாசி சுரண்டும்போதே கீறல் விழும். அதைச் சரியாக ஒட்டத் தெரிந்தவரும் உங்கள் ஊரில் கிடைக்க வேண்டும்.

நான் சாதாரண ஃபுளோட் கண்ணாடியையே (வலுவூட்டாத தட்டைக் கண்ணாடி) சொல்வேன், 19 மிமீ. டஃபன்டு வலுவானதுதான், ஆனாலும் 12 மிமீ என்றால் தண்ணீர் அழுத்தத்தில் மற்ற 12 மிமீ கண்ணாடியைப் போலவேதான் வளையும். வளைந்தால் பசை இழுபடும். ஓரத்தில் பலமாக அடிபட்டால் விரிசலோடு நிற்காது, மொத்தமும் பொடிப்பொடியாகும். டஃபன்டு செய்த பிறகு குழாய்க்குத் துளை போடவும் முடியாது. சாதாரணக் கண்ணாடியின் பச்சைச் சாயல் பிடிக்கவில்லையா? முன்பக்கத்துக்கு மட்டும் இரும்புச் சத்து குறைந்த தெளிவான கண்ணாடி வாங்கலாம்.

இன்னொன்று, உயரத்தை 2 அடியாகக் குறைத்துப் பாருங்கள். கண்ணாடியின் தடிமனைப் பெரிதும் முடிவு செய்வது உயரம்தான். மேலே கண்ணாடிப் பட்டை வைத்து ஒட்டினால் 15 மிமீயே போதும். தண்ணீரிலும் 280 கிலோ குறையும். சுத்தம் செய்யக் கை அடிவரை எட்டும் (இது வாங்கும்போது யாருக்கும் தோன்றாது).

கண்ணாடியை ஒட்டும் சிலிக்கான் பசையில் மிச்சம் பிடிக்காதீர்கள். பாத்ரூமுக்கு விற்பதில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. மீன் தொட்டிக்கு ஏற்றது என்று டியூபிலேயே போட்டிருக்க வேண்டும், காலாவதித் தேதியையும் பாருங்கள். அந்தத் தடிமனுக்குப் பசை முழுதாகக் காய ஒரு வாரமாவது விடுங்கள்.

கடைக்காரரிடம் கண்ணாடியின் தடிமன், சிலிக்கானின் பெயர், கசிந்தால் யார் பொறுப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 19 மிமீ என்றால் கண்ணாடி மட்டுமே முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். பலகைகளாகக் கொண்டுவந்து வீட்டிலேயே ஒட்டச் சொல்லுங்கள். காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.