தேயிலை சேர்த்த குக்கீஸில் தேநீரின் மணம் தெரிய என்ன செய்ய வேண்டும்?

தேநீரைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து மாவில் ஊற்றிப் பிசைந்ததாகவும், சுட்டு எடுத்த குக்கீஸில் நிறம் மட்டும் இருந்ததே தவிர தேநீரின் மணம் சிறிதும் தெரியவில்லை என்றும், கூடவே அவை கடினமாகிவிட்டன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். தேயிலையின் மணத்தைச் சுமக்க வேண்டியது வெண்ணெய். நீங்கள் அந்த வேலையைத் தண்ணீரிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். 200 மில்லிலிட்டர் தேநீருக்கு ஏறத்தாழ 2 கிராம் தேயிலை போடுகிறோம். குக்கீஸ் மாவு தாங்கக்கூடிய தண்ணீரோ அதிகம் போனால் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லிலிட்டர். அதற்குள் வந்து சேர்வது 0.3 கிராம் தேயிலையின் சாறுதான். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட மாவில் அது இருக்குமிடமே தெரியாது. சுண்டக் காய்ச்சி ஊற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் சுண்டச் சுண்ட, எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் நீராவியோடு போய்விடும், ஆவியாகாத டானின்கள் மட்டும் செறிந்து நின்று நாக்கைத் துவர்க்கவைக்கும். போதாக்குறைக்கு, நீர் பட்ட மைதாவைப் பிசையப் பிசைய அதில் குளூட்டன் என்ற இழுவைத்தன்மையுள்ள புரதம் உருவாகி, வாயில் போட்டதும் உதிர வேண்டிய குக்கீயை இறுக்கிவிடுகிறது.

தேயிலைக்குப் பூமணத்தைத் தரும் லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு இருக்கிறது. அது 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுவதால், கடித்த துண்டு வாயில் கரையும்போதே பிடித்துவைத்திருந்த மணத்தையும் வெளிவிடுகிறது. ஆகவே வெண்ணெய் மிகுந்து, முட்டையும் பாலும் இல்லாமல் செய்யும் ஷார்ட்பிரெட் வகைதான் தேயிலைக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

தேயிலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முதன்முறை செய்பவர்களுக்கு நான் ஏர்ல் கிரேயைத்தான் சொல்வேன். பர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெயால் மணமூட்டப்பட்ட தேயிலை அது, அந்த எண்ணெய் வெண்ணெயோடு உடனே சேர்ந்துகொள்ளும். மல்லிகைத் தேயிலையின் மணம் மென்மையானது. சூடு கூடினால் முதலில் போவது அதுதான். விறகுப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூசாங் மிகவும் தீவிரமானது என்பதால் அளவில் பாதி போதும். மணமூட்டப்படாத சாதாரணக் கறுப்புத் தேயிலைதான் இவற்றுள் கடினமானது. அதன் சுவை, வெண்ணெயும் மாவும் சிவக்கும்போது எழும் வாசனையோடு மிக நெருங்கியிருப்பதால் எளிதில் மறைந்துபோகும். அதற்கு அளவைச் சற்றுக் கூட்டி, உப்பையும் ஒரு சிட்டிகை அதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இனிச் செய்முறை. 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, 300 கிராம் மைதா, கால் டீஸ்பூன் உப்பு, 8 முதல் 10 கிராம் தேயிலை ஆகியவை போதும். தேயிலையை மட்டும் தனியாக மிக்சியில் போட்டால் அளவு குறைவாக இருப்பதால் பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்க்கரையோடு சேர்த்துச் சிறிய ஜாரில் அரையுங்கள். சர்க்கரையின் படிகங்கள் இலையைத் தேய்த்து நொறுக்கிவிடும். அரைத்தவுடன் மூடியைத் திறக்காமல் ஒரு நிமிடம் விட்டுவைத்தால் தூள் அடங்கும். திறக்கும்போது, வெள்ளைச் சர்க்கரை வெளிர் பழுப்பாக மாறியிருப்பதையும், உலர்ந்த தேயிலையை முகர்ந்தபோது தெரியாத ஓர் இனிய மணம் ஜாரிலிருந்து எழுவதையும் காணலாம். அந்தப் பொடியைக் கட்டாயம் சலிக்க வேண்டும். சல்லடையில் தங்கும் காம்புத் துணுக்குகள் எவ்வளவு நேரம் வெந்தாலும் மென்மையாகாது; பல்லில் மணலைப் போல நெருடும். டீ பேக்கினுள் இருக்கும் தூள் ஏற்கெனவே நுண்மையானது என்பதால் அவசரத்துக்கு அதையே பிரித்துப் பயன்படுத்தலாம். சிறு சிறு உருண்டைகளாக வரும் டீத்தூளையோ மாவுபோல ஆகும்வரை அரைக்காவிட்டால் நெருடல் போகாது.

குக்கீஸில் கறுப்புப் புள்ளிகள் தெரிவதை விரும்பாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. தேவையான அளவைவிட 30, 40 கிராம் கூடுதலாக வெண்ணெயை எடுத்து மிகக் குறைந்த தீயில் உருக்கி, முழுத் தேயிலையைப் போட்டு அடுப்பை அணைத்து, மூடி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வெண்ணெய் கொதிக்கவே கூடாது. இலை கொஞ்சம் வெண்ணெயைக் குடித்துக்கொள்ளும் என்பதால், வடிகட்டியதை எடைபோட்டு 200 கிராமுக்குக் குறைந்தால் புது வெண்ணெயால் ஈடுகட்டுங்கள். ஆறும்போது அவ்வப்போது கிளறிவிடுவதும் முக்கியம். இல்லையென்றால் நீர் அடியிலும் கொழுப்பு மேலுமாகப் பிரிந்து உறைந்துவிடும். இந்த முறையில் குக்கீ வழவழப்பாகவும் மணம் மென்மையாகவும் இருக்கும். எனக்கு அரைத்துச் சேர்க்கும் முறையே பிடிக்கும், ஏனென்றால் இலை முழுவதும் குக்கீக்குள்ளேயே இருப்பதால் சுவை ஆழமாக நிற்கிறது.

விரல் பட்டால் குழியும் பதத்தில் இருக்கும் வெண்ணெயோடு தேயிலைச் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து இரண்டு நிமிடம் குழைத்து, மைதாவைப் போட்டு, மாவு ஒன்று சேரும் வரை மட்டும் கலந்து, உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் வெட்டும் பதம் வந்துவிடும். ஆனாலும் ஓர் இரவு முழுவதும் இருக்கவிடுவதையே பரிந்துரைக்கிறேன். இலைப்பொடியிலிருந்து மணம் கொழுப்புக்கு இறங்குவதற்கு நேரம் வேண்டும். பிறகு 8 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, முன்னதாகவே சூடேற்றிய ஓவனில் 165 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். மெல்லியதாக வெட்டினால் மணம் விரைவில் வெளியேறிவிடும். ஓரம் பொன்னிறமாகத் தொடங்கியதுமே எடுத்துவிட வேண்டும், நடுப்பகுதி வெளிறித்தான் இருக்கும். தொட்டால் மென்மையாகவும் இருக்கும், ஆறியதும் இறுகிவிடும். நன்றாகச் சிவக்கவிட்டால் சிவந்த மாவின் வாசனை தேநீரை முழுவதும் மூடிவிடும்.

வனிலா எசென்ஸ், நாட்டுச் சர்க்கரை, சாக்லேட் ஆகிய மூன்றையும் இந்தக் குக்கீஸில் தவிர்த்துவிடுங்கள். தனித்தனியே அருமையானவைதாம், ஆனால் தேயிலையைப் பேசவிடாமல் செய்துவிடுகின்றன. பேக்கிங் சோடாவும் வேண்டாம், காரத்தன்மை பட்டால் தேயிலையின் பாலிஃபீனால்கள் (டானின்கள் உள்ளிட்ட பொருள்கள்) கருத்துப்போகும். ஏர்ல் கிரேயோடு மட்டும் எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம் சேர்க்கலாம்.

மாச்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ஏற்கெனவே நுண்பொடியான இலை என்பதால் அரைக்கவோ ஊறவைக்கவோ வேண்டியதில்லை. கட்டிகள் இல்லாமல் மைதாவோடு சலித்துச் சேர்த்தால் போதும். அதில் தொல்லை நிறத்தில்தான். வெப்பத்தில் பச்சையத்தின் மெக்னீசியம் விலகும்போது பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறமாகிறது, புளிப்பு சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே எலுமிச்சையைத் தவிர்த்து, 160 டிகிரிக்கு மேல் போகாமல், ஓரம் சிவக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: உலர்ந்த தேயிலையின் எடையில் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு காஃபின் இருக்கும். 8 கிராம் தேயிலையில் 40 குக்கீஸ் செய்தால் ஒன்றுக்கு 4 முதல் 8 மில்லிகிராம் வரும், ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஒன்றிரண்டு கொடுக்கலாம், இரவு உறங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

கெட்டியான தேநீரைச் சேர்க்கும் உங்கள் யோசனையையும் முழுவதும் கைவிட வேண்டியதில்லை. கொதிக்கவிடாமல், சுடுநீரில் தேயிலையை ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்து, அதில் இரண்டு டீஸ்பூன் எடுத்து 60 கிராம் பொடித்த சர்க்கரையில் குழைத்து, முழுவதும் ஆறிய குக்கீஸின் மேல் மெல்லியதாகப் பூசுங்கள். தண்ணீர் இங்கே மாவைத் தொடுவதில்லை, ஓவனின் சூடும் அந்த மணத்தை எட்டுவதில்லை.