நாலு வயசுப் பிள்ளைக்குப் படத்தையும் சொல்லையும் சேர்க்கப் பழக்குவது எப்படி? கடையில் விற்கும் கார்டு போதுமா?

பாளையங்கோட்டைப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கார்டு தாராளமாகப் போதும். ஆனால் நாலு படம், நாலு சொல், கோடு போட்டு இணை என்கிற தாளை நம்பாதீர்கள். மூன்றைச் சேர்த்துவிட்டால் நாலாவது தானாக விழுந்துவிடும், படிக்கவே வேண்டாம். 1978இல் கேரி, பார்ட்லெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் 'நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டை எடுத்து வா' என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை ஒரு நிறத்தின் பேராக அதுவரை கேட்டிராத பிள்ளைகள் நீலம் இல்லாத இன்னொரு தட்டை எடுத்து வந்தார்கள். காதால் கேட்டுப் பேர் பழக இந்தச் சாமர்த்தியம் நல்லதுதான், எழுத்துக்கூட்டும்போது இதுவே ஏமாற்றிவிடும். அதனால் நாலு சொல்லுக்கு ஆறு படம் வையுங்கள்.

அப்புறம், முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுவார்கள். கோழியையும் கோவிலையும் ஒன்றாக வைத்தால் ஊகம் செல்லாது. கல், கால், பல், பால் நாலையும் சேர்த்துப் போட்டால் துணைக்கால் எதற்கு என்று நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

படத்துக்கு வீட்டைச் சுற்றியே போன் கேமராவில் எடுங்கள்: நுங்கு, பனங்கிழங்கு, பத்தமடைப் பாய், நெல்லையப்பர் தேர். எஃகு என்று ஒரு இரும்புத் துண்டைப் போட்டிருக்கும் அட்டையெல்லாம் மெதுவாக வரட்டும், எந்தப் பிள்ளையும் அதை இரும்பு என்றுதான் சொல்லும், தப்பும் இல்லை. நுங்குப் படத்தைக் காட்டி ஆச்சியிடம் பேசவிட்டால் ஓலை, பதநீர், கருப்பட்டி, பனையேறுகிற கதை எல்லாம் வந்துவிடும். சொல் பெருகுவது அந்தப் பேச்சில்தான், கார்டு சும்மா ஒரு சாக்கு.

வினைச்சொல்லுக்குப் படம் அவ்வளவாக உதவாது. குதிக்கிற படத்தைக் காட்டினால் 'பையன்' என்பான். 'குதி' என்று எழுதிக் காட்டி, அவனையே குதிக்கச் சொல்லுங்கள்.

கார்டின் ஓரத்துக் கறையை அடையாளம் வைத்தே சொல்லிவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. நன்றாக வந்த சொல்லைப் படம் இல்லாமல் சிலேட்டில் உங்கள் கையெழுத்தில் எழுதிக் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் சொன்னால் சரி. ஒரே மூச்சில் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், அதற்குப் பிறகு கார்டு வாய்க்குள் போய்விடும்.