கரண்டு, கம்பி, அலை: கேட்டவர்களுக்குப் பதில்

ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பழகியவன் நான், பேராசிரியர் இல்லை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர் அண்ணாச்சி: வயலுக்கு மேலே கூடங்குளம் லைன் போகிறது. ராத்திரி அதற்குக் கீழே டியூப்லைட்டைப் பிடித்தால் வயர் இல்லாமலே எரியுமாமே, கதைதானே?

கதை இல்லை. 400 கிலோவோல்ட் கம்பியின் மின்புலம் (மின்னூட்டத்தைத் தள்ளி இழுக்கும் அதன் செல்வாக்கு) தரைவரை இருக்கும், வினாடிக்கு 50 தடவை போய்த் திரும்பும், அது குழாய்க்குள் எலக்ட்ரான்களை உலுக்கினால் மங்கலாக ஒளிரும். அதற்காக டியூப்பைக் கம்பில் கட்டி உயரத் தூக்கிவிடாதீர்கள், அடுத்த கேள்வி கேட்க ஆள் இருக்கமாட்டீர்கள்.

பேட்டை மாணவி: மின்னூட்டம் நின்றால் மின்புலம், ஓடினால் காந்தப்புலமும் சேரும். அலை எங்கிருந்து வருகிறது சார்?

வேகம் மாறும்போதும்மா. சீராகப் போனால் புலமும் கூடவே போகும். சடக்கென்று நின்றாலோ திரும்பினாலோ அந்தச் சேதி தூரத்துப் புலத்துக்கு ஒளியின் வேகத்தில்தான் எட்டும், அப்படி ஓடுகிற மடிப்புதான் அலை. பழைய ரேடியோ இருந்தால் மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஃபேன் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று கேட்கும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1887-88இல் இந்த அலை உண்டென்று காட்டியதும் இப்படி ஒரு பொறியை வைத்துத்தான். ஐப்பசியில் பொதிகைப் பக்கம் மின்னும்போது ரேடியோ கரகரப்பதும் இதேதான், பொறிதான் பெரிசு. நம் நெல்லை வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் என்றால், கோபுரத்தில் எலக்ட்ரான்கள் வினாடிக்கு 11,97,000 தடவை ஆடுகின்றன என்று அர்த்தம்; அலையின் நீளம் சுமார் 250 மீட்டர்.

பாளையங்கோட்டைக் கடைக்காரர்: சுவிட்சு போட்டதும் பல்பு எரிகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா?

நத்தையிடம்கூடத் தோற்கும். பாய்வது புலம்.

சீவலப்பேரி தம்பி: கிருஷ்ணாபுரம் என்றால் சிற்பம்தான் தெரியும். அங்கே காந்த ஆய்வுக்கூடம் எதற்கு?

நல்ல கேள்வி, உள்ளூர்க்காரர்களே கேட்பதில்லை. காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது, பூமியின் காந்தப்புலம் இங்கே ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. பகல் வெயில் மேலே காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம், இந்த நடுக்கோட்டை ஒட்டிய பட்டையில் மட்டும் பலமாக ஓடுகிறது. கீழே தாமிரபரணியும் கிழக்கே, மேலே இதுவும் கிழக்கே! (எலக்ட்ரான்கள் என்னவோ மேற்கேதான் போகும், அவற்றுக்கு எதிர்த்திசையை மின்னோட்டம் என்பது பழைய வழக்கம்.) இங்கே தரையில் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும் புலம் உச்சிவேளைக்குச் சில பத்து கூடும், பொழுது சாய்ந்தால் இறங்கிவிடும். அதை அளக்கத்தான் கருவிகள்.

அம்பை பெரியவர்: இலங்கை ஸ்டேஷன் ராத்திரிதான் நன்றாக எடுக்கிறது, ஏன்?

பகலில் அயனி மண்டலத்தின் (வெயில் எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்ட மேல்வானத்தின்) கீழடுக்கு மீடியம் வேவை விழுங்கிவிடும் ஐயா. இருட்டியதும் அது கலைந்துபோகும், மேலடுக்கு அலையைத் திருப்பி அனுப்பும். அப்போதும் சரியாக எடுக்கவில்லையா, பெட்டியைத் திருப்பி வையுங்கள்: உள்ளே அலையைப் பிடிக்கும் ஃபெரைட் கம்பியின் முனை ஸ்டேஷனைப் பார்த்தால் சத்தம் விழும், குறுக்காக நின்றால்தான் தூக்கும்.